சாஸுக்குத் துடுப்புப் போட்டவர்

குளச்சலில் துடுப்புப் பிடிக்காத கைகளை எண்ணிவிடலாம். ஆனால் துடுப்பாலேயே பெயர் வாங்கி, அந்தத் துடுப்பை ஒரு தடவைகூடக் கடலில் நனைக்காத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். அவர் துடுப்புப் போட்டதெல்லாம் இறைச்சிச் சட்டியில்.

ஞானஸ்நானப் பெயர் அவருக்கும் உண்டு. அதைக் கோயில் பதிவுப் புத்தகத்தைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெருவுக்கு அவர் துடுப்பண்ணன். எனக்குப் பத்து வயது இளையவர் என்பதால் நான் 'தம்பி' என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் 'ஓய் துடுப்பு' என்பேன். கோபம் அடிக்கடி வரும். இங்கே தெரு கூப்பிடுகிற மாதிரியே எழுதிவிட்டுப் போகிறேன்.

இத்தாலிக்காரர்களின் சரக்குக் கப்பல் ஒன்றில் பதினாலு வருஷம் குசினியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்ட், கம்பளி, மிட்டாய் டப்பா என்று கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு மர அகப்பை. அகப்பை என்றால் சும்மா அகப்பை இல்லை. தரையில் ஊன்றினால் அவர் நெஞ்சுக்கு வரும். நுனி துடுப்பு மாதிரியே தட்டையாக இருக்கும். அதைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எதிர்வீட்டு பிலோமி பார்த்துவிட்டாள். எங்கள் தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் கூவுகிறவள் அவள்தான்.

"எக்கோவ்! கப்பலு தாந்துபோச்சு! இந்த மனுசன் துடுப்புப் போட்டே கரை சேந்திருக்காரு!"

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் கூடி அழுதது. அவர் நடுவில் நின்று, "ஏட்டி, கப்பல் கொச்சியில நிக்கி. நான் ரயில்ல வந்தேன். இது சாஸ் கிண்டுற அகப்பையாக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பெயர் ஒட்டிவிட்டது.

சாஸ் என்றால் என்ன என்று நாங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டோம். இத்தாலிக்காரர்கள் இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, சின்னத் தீயில் நாலைந்து மணி நேரம் கிடத்தி, குழம்புக்கும் துவையலுக்கும் நடுவில் ஒரு பதத்தில் இறக்கி, பாஸ்தாவில் பிசைந்து சாப்பிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு மணி நேரம் கிடைத்தால் நான் ஒரு கல்யாணத்துக்கே கறி வைத்து இறக்கிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் என் கை பட்ட இறைச்சிக்கறி சாப்பிடாமல் கல்யாணம் முடித்தவர்கள் யாராவது இருந்தால் அது அவர்கள் துரதிர்ஷ்டம்.

காலைப் பூசை முடிந்ததும் அவர் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார். இறைச்சிக்கடை பாய் இரண்டு தடவை கொத்திக் கொடுத்த இரண்டு கிலோ போத்திறைச்சி, மாட்டுக்கறிதான், தயாராக இருக்கும். "இம்புட்டு கட்லெட்டா?" என்று பாய் வாராவாரம் கேட்பார். "சாஸ்" என்று இவர் வாராவாரம் சொல்வார். பாய் வாராவாரம் தலையை ஆட்டிக்கொள்வார்.

இனி அவர் கிண்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். கால் இரண்டையும் அகட்டி வைத்து, இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார். ஆடுகிற கப்பலில் நின்று பழகிய கிண்டல் அது. தரை ஆடாததால் அவரே ஆடிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தலை சுற்றும். பிலோமியின் மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டு வாந்தியே எடுத்துவிட்டார்.

தீயின் அளவுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும்போது சட்டியில் ஒரே ஒரு குமிழி உடைய வேண்டும். 'புளக்.' அவ்வளவுதான். ஒரு ஜெபத்துக்குள் இரண்டு குமிழி வந்தால் தீ அதிகம், ஒரு கொள்ளியை இழுத்துவிடுவார். ஜெபம் முடிந்தும் குமிழி வராவிட்டால் இரண்டு தேங்காய்ச் சிரட்டை உள்ளே போகும். நாலு மணி நேரமும் அந்த உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

"எக்கா, இந்த மனுசன் ஜெபம் சொல்லிச் சொல்லி அந்த மாட்டை மோட்சத்துக்கு அனுப்பியாச்சு. இனி நமக்குத் திங்க என்ன மிச்சம்?" என்று பிலோமி மதில் மேல் சாய்ந்து கேட்பாள்.

"ஏட்டி, பேசாத. குமிழி பயந்துரும்" என்பார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

ஒரு மணிக்கு இறக்கி, தெருவில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். பாஸ்தாவை நாங்கள் இத்தாலி இடியாப்பம் என்று சொல்லித் தொடாமல் ஒதுக்கினோம். மரச்சீனிக் கிழங்கை அவித்து அதில் போட்டுச் சாப்பிட்டோம். முதல் வாரம் இறைச்சி ஜாம் மாதிரி இருந்தது. மூன்று கிலோ தக்காளி போட்டிருந்தார். அடுத்த வாரம் வெறும் பூண்டு. அதற்கடுத்த வாரம் பட்டையும் கிராம்பும். ஒவ்வொரு வாரமும் ஒரு ருசி. கேட்டால், "கப்பல்ல ஒவ்வொரு கடலுக்கு ஒவ்வொரு சாஸ்" என்பார். இந்தியப் பெருங்கடல், மத்தியதரைக் கடல் என்று நாங்களும் சாப்பிட்டுக்கொண்டே போனோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டில் பெரிய சட்டி ஏற்றினாலும் இறக்குவதற்கு முன்பு உப்புப் பார்க்க என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இறக்கிய கறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சும்மா ஒரு பார்வை பார்ப்பேன். அதற்குப் பயந்தே கூப்பிடுவார்கள். இவர் மட்டும் கூப்பிடவே இல்லை. ஏழெட்டு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, அதை இங்கோட்டு நீட்டும்."

"எக்கா, இன்னும் ஒரு மணிக்கூர் கிடக்கு."

"நீட்டும்னு சொன்னேன்."

துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். கிழங்கு சேராமல் வெறும் சாஸை முதல் தடவையாக நாக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன். இறைச்சி அப்படியே கரைந்தது. அத்தனை மென்மை. இத்தனை காலமும் எத்தனையோ சட்டி இறக்கியிருக்கிறேன், அந்தப் பதம் என் கையில் வந்ததில்லை. ஆனால் ஏதோ ஒன்று இடறியது. அடியில் ஒன்றுமே இல்லை. கடைக்கால் தோண்டாமல் மாடி கட்டின மாதிரி.

"முடிவு கொள்ளாம், நல்லாருக்கு தம்பி. துவக்கம் இல்லியே."

அவர் ஆடிக்கொண்டிருந்தது நின்றது. நான் பார்த்து முதல் தடவையாக அவர் நேராக நின்றார். பிலோமி மதிலில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

"எக்கா, உங்க நாக்கு நாக்கில்ல. எக்ஸ்ரே மிசினாக்கும்."

"விசயத்தைச் சொல்லும்."

"எனக்குத் துவக்கம் தெரியாது."

கதை இதுதான். கப்பலில் பெரிய குசினிக்காரர் ஒருவர் இருந்தார். சாஸ் வைக்கிற நாளில் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். டக்குடக்கென்று வெட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு வதக்குகிற வாசம் வரும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, துடுப்பை நம் ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அப்புறம் நாலு மணி நேரமும் இவரும் சட்டியும்தான். பதினாலு வருஷமும் இப்படியே.

"கிண்டுறது, தீ பாக்குறது, பதம் பாத்து இறக்குறது எல்லாம் எனக்குத் தெரியும் எக்கா. அதுல என்னைய அடிக்க இத்தாலியிலயே ஆளில்ல. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துதுன்னுதான் தெரியாது."

"பதினாலு வருசத்துல ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கப்பிடாதா ஓய்?"

"எட்டிப் பாத்தேன். சாவி ஓட்டையில அந்த ஆளு சூயிங்கம் ஒட்டி வச்சிருந்தான்."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஜெசிக்கு இது தெரியாது எக்கா."

ஜெசி அவருடைய ஒரே மகள். அவர் கப்பலில் இருந்தபோதே அவள் தாய் இறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலம் முழுக்க என் வீட்டில்தான் சோறு. நர்ஸுக்குப் படித்து, இத்தாலியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "எங்க அப்பா கப்பல்ல பெரிய குக்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை.

"நான் சொல்லிக்கொடுக்கல எக்கா. அவளே சொன்னா. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"சரி, யாருக்குத் தெரியப்போகுது? போம், சட்டி அடிபிடிக்கும்" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரமே ஃபோன் வந்தது. ஜெசியோடு வேலை பார்க்கிற மார்க்கோ என்ற பையனும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்கள். மார்க்கோவும் அவன் அம்மாவும் குளச்சலுக்கு வந்து கல்யாண நாள் குறிப்பார்களாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அப்பா, அவங்க அம்மா அந்தச் சாஸ் பிறந்த ஊர்க்காரங்க. கப்பல்ல பதினாலு வருசம் அதை வச்சவருன்னு சொல்லிட்டேன். உங்க கையால தின்னணும்னு துடிச்சுக்கிட்டு இருக்காங்க! தின்னுட்டுத்தான் நாள் குறிக்கணும்னு பேச்சு!"

ஃபோனை வைத்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எக்கா, முதல் வாயிலயே அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சுபோவும். பொய்க்காரன் மகள்னு ஜெசியையில்லா நினைப்பாங்க."

இரண்டு மாதம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. பொய்யைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வதக்கினால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா என்கிற வீம்பு. வாரத்துக்கு மூன்று நாள் அடுப்பு மூட்டினோம்.

"வைன் ஊத்துவான் எக்கா. போத்தல் தொறக்குற சத்தம் கேக்கும்" என்றார். கிறிஸ்மஸுக்கு நான் முந்திரிப்பழத்தில் போட்ட வைன் இரண்டு போத்தல் இருந்தது. முழுதும் ஊற்றினோம். என் வைனில் சீனி தாராளமாக இருக்கும். நாலு மணி நேரம் கழித்து இறைச்சிப் பாயசம் தயாராகியிருந்தது. பிலோமி மட்டும் இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

ஃபோனில் வீடியோ பார்த்தோம். ஒருவர் பூண்டு போட்டார். அடுத்தவர் பூண்டு போட்டால் பாவம் என்றார். ஒருவர் பால் ஊற்றினார். இன்னொருவர் அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். எல்லாரும் சட்டியை மூடி வைத்துவிட்டு, அடுத்த நொடியில் மூடியைத் திறந்து 'ஆச்சு' என்றார்கள். துடுப்பண்ணனுக்கு அங்கேதான் கோபம் வந்தது.

"பாத்தியளா! நாலு மணிக்கூரை வெட்டி எறிஞ்சிட்டான்! கிண்டினவன் ஒருத்தன் நின்னிருப்பாம்லா? அவன் எங்க?"

வீடியோவில் பார்த்ததையெல்லாம் வைத்துப் பார்த்தோம். எதிலும் கப்பல் மணம் வரவில்லை. "ஒரு பச்சைத் தண்டு வாசம் வரும் எக்கா. மழை பெய்ஞ்ச தோட்டம் மாதிரி" என்றார். கொத்தமல்லித் தண்டு போட்டோம். தண்டுக்கீரை போட்டோம். கடைசியில் அவராகவே கால்வாய் ஓரத்தில் போய்ச் சேம்புத் தண்டு வெட்டிக்கொண்டு வந்தார். சேம்பு தொண்டையைக் காறும், புளி ஊற்றாமல் விடாதீர் என்று தலையில் அடித்துச் சொன்னேன். "இத்தாலியில ஏது எக்கா புளி?" என்று கேட்டுவிட்டு, வாசம் போகாமல் இருக்க இறக்கும்போது பச்சையாகவே தூவிவிட்டார். நான் தொடவில்லை. தெரு தொட்டது. அன்று மாலை கோயிலில் நவநாள். பாட்டுக்குழுவில் பாதி எங்கள் தெரு. பாட்டுத் தொடங்கியதும் காறலும் செருமலும்தான் கேட்டது. ஆர்மோனியம் மட்டும் தனியாகப் பாடி முடித்தது. சாமியார் பிரசங்கத்தை விட்டுவிட்டு எல்லோருக்கும் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

இப்படியே நாள் கரைந்து, விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள்.

சம்பந்தி அம்மாவின் பெயர் பாவ்லா. என்னைவிட உயரம், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு, என்னைவிடச் சத்தம். மார்க்கோ நல்ல பையன். வந்த நிமிஷத்தில் மட்டி வாழைப்பழத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு அவன் வாயிலிருந்து பேச்சு வரவில்லை. உள்ளே போக மட்டுமே வாய் திறந்தது. சம்பந்தி அம்மா திருவனந்தபுரத்தில் இறங்கியதும் ஒரு பெரிய கடையில் நிறுத்தி ஏதேதோ வாங்கி வந்திருந்தார். அதில் ஒரு கட்டு பச்சைத் தண்டை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். ஏதோ கீரை, நாளைக்குத் தேங்காய் போட்டுத் துவரன் வைக்கலாம் என்று நானும் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டம் போட்டோம். பூசை முடிந்ததும் ஜெசி விருந்தாளிகளை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் வருவதற்குள் துவக்கத்தை நான் என் கையால் முடித்துக் கொடுப்பேன். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். எந்த ஊர் நாக்காக இருந்தாலும் என் கைக்குத் தலைவணங்கும் என்பது என் எண்ணம்.

கார் போனது. அடுப்பு மூட்டினோம். உடனே சண்டை வந்தது.

"எக்கா, பெருஞ்சீரகம் வேண்டாம்."

"பெருஞ்சீரகம் இல்லாம நான் இறைச்சிச் சட்டியைத் தொட்டதில்ல."

"அந்த அம்மா கண்டுபிடிச்சுருவாங்க எக்கா!"

"கண்டுபிடிச்சு, எப்படிச் செஞ்சியன்னு கேப்பாங்க. பேசாம நில்லும்."

"தேங்கா எதுக்கு எக்கா துருவி வச்சிருக்கிய?"

"சும்மா. பக்கத்துல இருக்கட்டும்."

அவர் தேங்காய்த் தட்டைப் பிடித்து இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, வாசலில் கார் வந்து நின்றது. இராஜாக்கமங்கலம் தாண்டவில்லை, சம்பந்தி அம்மா வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாராம். ஜெசி மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தாள்.

"பெரியம்மா, கோட்டை எங்கயும் ஓடிப்போகாது, சாஸ் ஆரம்பிச்சிருமேன்னு குதிக்காங்க! ஆரம்பத்துல இருந்து பாக்கணுமாம்!"

துடுப்பண்ணன் துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சம்பந்தி அம்மா முற்றத்துக்கு வந்தார். வெங்காயத்தைப் பார்த்தார். காரட்டைப் பார்த்தார். என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தார். கை இரண்டையும் தட்டி, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஏதோ உரக்கச் சொன்னார். பிறகு உள்ளே ஓடி, ஃபிரிட்ஜிலிருந்து அந்தக் கீரைக்கட்டை எடுத்து வந்து, பலகையில் வைத்து ஒரே வெட்டு.

அந்த வாசம் எழும்பியது பாருங்கள்! மழை பெய்து ஓய்ந்த தோட்டம்.

துடுப்பண்ணன் கண் இரண்டும் விரிந்துவிட்டன. "எக்கா... எக்கா... இதுதான்! இதுதான் எக்கா!" என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். அது செலரி என்று ஜெசி சொன்னாள். சம்பந்தி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவர் உற்சாகத்தைப் பார்த்து அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வெங்காயம், காரட், செலரி மூன்றையும் அரிசி மாதிரிப் பொடித்தார். வெண்ணெயில் போட்டார். அவசரமே இல்லை. வெங்காயம் கண்ணாடியாகும் வரை விட்டார். பிறகு இறைச்சி. தண்ணீர் வற்றி, சட்டி படபடவென்று பொரிகிற சத்தம் வந்த பிறகுதான் வைன். அவர் வாங்கி வந்த, சீனி இல்லாத வைன். அதுவும் வற்றியதும் ஒரு கிளாஸ் பால். தக்காளி எவ்வளவு தெரியுமா? இரண்டே கரண்டி விழுது! மூன்று கிலோவை நினைத்து நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்துவிட்டது, பாவம். பதினாலு வருஷமும் அதற்கு மேலும் காத்திருந்து, இப்போதுதான் உள்ளே போகிறார்.

ஜெசி கவனித்துவிட்டாள்.

"அப்பா, ஏன் இப்படிப் பாக்குதிய? உங்களுக்குத் தெரியாததா?"

நான் முந்திக்கொண்டேன். "வீட்டுக்கு வீடு ஒரு முறை உண்டும்லா மக்களே. அப்பாக்கு இது புதுசா இருக்கு..."

"இல்ல எக்கா, விடுங்க." அவர் எழுந்தார். முகத்தில் பயம் இல்லை. மகிழ்ச்சியில் மனுஷன் பயத்தை மறந்துவிட்டார். "மக்களே, ஜெசி, அப்பா குக் இல்ல. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. இதை முடிச்சு வேற ஒருத்தன் தருவான். நான் கிண்டுவேன். பதினாலு வருசமும் கிண்டினேன். அவ்வளவுதான் உங்க அப்பன். இதை அவங்ககிட்ட அப்படியே சொல்லு."

ஜெசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தேன். மார்க்கோ பழத்தை உரிக்கிறதை நிறுத்திவிட்டான். சம்பந்தி அம்மாவுக்கு நெற்றியில் வேர்வை. கை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது, கரண்டியைச் சட்டியின் மேல் வைத்துவிட்டு, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அவர் துடுப்பை எடுத்தார். காலை அகட்டினார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். இரண்டு கொள்ளியை இழுத்துவிட்டார். உதடு அசைந்தது. 'புளக்.'

சம்பந்தி அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அவரும் கூடவே இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டார். மதிலில் பிலோமி தலை தெரிந்தது. மூன்று மணி நேரம். வாசம் தெருவைத் தாண்டிவிட்டது. நாலாவது மணியில் அவர் துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, சம்பந்தி அம்மாவிடம் நீட்டினார். ஜெசி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்கவில்லை.

சம்பந்தி அம்மா வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் தண்ணீர். படபடவென்று பேசினார். ஜெசி கேட்டாள், சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

"என்ன ஏட்டி, சொல்லித் தொலை!"

"பெரியம்மா, இந்தப் பதத்தை அவங்க அம்மா கையில தின்னது, அதுக்குப் பொறவு இன்னைக்குத்தானாம். அவங்களுக்கு நின்னு கிண்டப் பொறுமை கிடையாதாம். ஒரு மணிக்கூர்ல இறக்கிட்டு, நாலு மணிக்கூர் வச்சேன்னு மார்க்கோட்ட இத்தனை வருசமும் பொய் சொல்லியிருக்காங்களாம்!"

மார்க்கோ கையிலிருந்து மட்டிப்பழம் கீழே விழுந்தது. "மாம்மா!" என்றான். வந்து மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அப்புறம்தான் ஜெசி அப்பா சொன்னதை அவர்களுக்குச் சொன்னாள். சாவி ஓட்டையில் சூயிங்கம் என்றதும் சம்பந்தி அம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. எழுந்து வந்து துடுப்பண்ணனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் பிலோமி "எக்கோவ்!" என்று தொடங்கியது கடற்கரை வரை கேட்டிருக்கும். ஜெசி அப்பாவின் துடுப்புக் கையைப் பிடித்து, "நல்லாக் கிண்டுதிய அப்பா" என்றாள். சட்டி இறங்குவதற்குள் நாள் குறித்தாகிவிட்டது.

கல்யாண விருந்தில் அவரே எழுந்து நின்று, "நான் கப்பல்ல குக் இல்ல, கிண்டினவன்" என்று தெருவுக்கே அறிவித்தார். "அது எங்களுக்குச் சேம்புத் தண்டு அன்னைக்கே தெரியும்" என்றாள் பிலோமி.

இப்போது அவர் இத்தாலியில் இருக்கிறார். ஜெசிக்குப் பிரசவ நேரம், கூட இருக்கப் போயிருக்கிறார். சம்பந்தி அம்மா துவங்குகிறாராம், இவர் முடிக்கிறாராம். புறப்படுகிற அன்று காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குச் சாஸைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. நீங்க இதுவரை ஒரு வார்த்தை சொல்லலியே."

"போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணும்" என்றேன். கார் போய்விட்டது.

தம்பி, அன்றைக்கு நான் மூன்று தட்டுச் சாப்பிட்டேன். மூன்றாவதை நீர் கை கழுவப் போன நேரத்தில்.